எட்டாம் வளைவில் ஒரு வரி

போடியிலிருந்து மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளில் திருப்பதியின் ஜீப்பை ஒரு மைல் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். முன் கண்ணாடியில் 'இயேசு ரட்சகர்' என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே, அதைவிடப் பெரிதாக, 'திருப்பதி' என்று எழுதியிருக்கும். வருஷத்துக்கு ஆயிரம் பேராவது மஞ்சள் வேட்டியோடு கைகாட்டி நிறுத்தி, பெருமாளைப் பார்க்க வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேட்டிருப்பார்கள். ஞானஸ்நானம் எடுத்தபோது சபையில் அவருக்கு சாலொமோன் என்று பேர் வைத்தார்கள். தலையில் ஊற்றிய தண்ணீர் காய்வதற்குள் அந்தப் பேர் காய்ந்துபோனது. அவர் பெண்டாட்டி சூர்யகலாவே ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

திருப்பதிக்குக் கவலைப்படுவதுதான் முதல் தொழில். ஜீப் ஓட்டுவது அதற்கு அடுத்துதான். டயரில் காற்று குறைந்தால் கவலை. காற்று சரியாக இருந்தால், இவ்வளவு சரியாக இருக்கிறதே, என்னவோ நடக்கப்போகிறது என்று கவலை. மழை பெய்தால் மண் சரியுமே என்பார். வெயில் அடித்தால் ஏலச்செடி காயுமே என்பார். அவருக்கென்று ஒரு செடிகூடக் கிடையாது. அவர் நெற்றிக் கோடுகளை எண்ணி முடிப்பதற்குள் மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டுக்கு நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆனால் குரல் மட்டும் கவலையே அறியாத குரல். அடிவாரத்து முந்தலில் அவர் இருமினால் மூணாறில் யானை திரும்பிப் பார்க்கும். அந்தக் குரலுக்காகத்தான் எங்கள் கோயிலில் ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தை அவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கூடச் சேர்ந்து சொல்வது என்று வழக்கமானது. விசுவாசப் பிரமாணம் என்பது, நாங்கள் எதையெல்லாம் நம்புகிறோம் என்று எல்லாரும் எழுந்து நின்று சொல்லும் பாடம். கடவுள் உலகத்தைப் படைத்ததில் ஆரம்பித்து, இயேசு பிறந்து, பாடுபட்டு, சிலுவையில் இறந்து, பாதாளத்தில் இறங்கி, மறுபடி உயிரோடு எழுந்து, நித்திய ஜீவன் வரைக்கும் போகும். வெள்ளைக்கார மிஷன் காலத்திலிருந்து அப்படியே வருகிறது.

இதைத் திருப்பதி மனப்பாடம் செய்தது தனிக் கதை. அவர் பிறந்தது கிறிஸ்தவ வீட்டில் இல்லை. சூர்யகலாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு பெண் கேட்டுப் போனபோது, விசுவாசப் பிரமாணத்தைத் தட்டாமல் சொன்னால்தான் பெண் என்று மாமனார் சொல்லிவிட்டார். திருப்பதி பள்ளிக்கூடத்துக்கு உள்ளே இருந்த நேரத்தைவிடச் சுவர்மேல் இருந்த நேரம் அதிகம். பஸ்சு போர்டில் தேனி எது, மதுரை எது என்று தெரியும். அதோடு சரி. சூர்யகலா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லுவார். மறுநாள் கேட்டால் பாதி காணாமல் போயிருக்கும்.

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. முந்தலைத் தாண்டினால் போடிமெட்டு வரைக்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு வரி என்று நட்டுவிட்டார். முதல் வளைவில் பிதா. ஐந்தில் பிலாத்து. ஆறில் சிலுவை. ஏழில் அடக்கம். எட்டில் பாதாளத்தில் இறங்கினார். ஒன்பதில் உயிர்த்தெழுந்தார். கடைசி வளைவில் நித்திய ஜீவன், அதைத் தாண்டினால் டீக்கடை. கூட்டிக் குறைக்காமல் வரிகளும் வளைவுகளும் ஒன்றுக்கு ஒன்று பொருந்திப்போயின. அந்த ரோட்டை வெட்டியவன் கையில் பிரமாணத்தை வைத்துக்கொண்டுதான் வெட்டியிருப்பான் என்று ஜீப் ஸ்டாண்டில் நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

ஒரே ஒரு குறை. நடுவிலிருந்து சொல்ல அவருக்கு வராது. சிலுவைக்கு அடுத்தது என்ன என்று கேட்டால் முந்தலுக்குப் போய், அங்கிருந்து ஏறி வந்துதான் சொல்லுவார். கோயிலிலும் கவனித்தால் தெரியும். கண் மூடியிருக்கும், கை இரண்டும் லேசாக இடமும் வலமும் திரும்பும்.

கல்யாணம் முடிந்து, மகள் பிறந்து, அந்த மகள் காலேஜ் போன பிறகும் பழக்கம் விடவில்லை. தினம் காலையில் ஏறும்போது சத்தமாகச் சொல்லுவார். இறங்கும்போது கிடையாது, இறங்கும்போது பிரேக் மட்டும்தான். ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் எல்லாரும் நெற்றி நிறையத் திருநீறு பூசியவர்கள். அவர் பக்கத்திலேயே எப்போதும் உட்காரும் சந்திரவல்லி அக்காள், மாரியம்மனுக்கு வருஷம் தவறாமல் தீச்சட்டி எடுப்பவள். கேட்டுக் கேட்டு அத்தனை பேருக்கும் பிரமாணம் பாடம். எங்கள் சபையில் பாதிப் பேர் வாயை மட்டும் அசைத்துவிட்டு உட்காருவார்கள். அந்தப் பெண்களை எழுப்பிக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவார்கள்.

திருப்பதிக்கு முத்துக்கண்ணன் என்று ஒரு தம்பி இருந்தான். அவனும் ஜீப்தான் ஓட்டினான். அண்ணன் சபைக்கு வந்தாலும் அவன் வரவில்லை. எதற்கு வரவில்லை என்று கேட்டால், வீட்டுக்கு ஒரு ஆள் போனால் போதாதா, ரேஷன் கடைக்கு எல்லாருமா வரிசையில் நிற்கிறோம் என்பான். சிரிக்கவும் சிரிக்க வைக்கவும் பிறந்தவன். அண்ணனுக்கு வரவேண்டிய சிரிப்பையும் அவனே வாங்கிக்கொண்டு வந்துவிட்டான் போல. ஒரு மழைக்காலத்தில் ஆளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது, எட்டாவது வளைவில் அவன் ஜீப் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே போய்விட்டது.

அன்றைக்கு மலை பூராவும் மஞ்சு மூடியிருந்தது. ரோட்டு ஓரத்தில் திருவிழா மாதிரிக் கூட்டம் நின்று எட்டி எட்டிப் பார்த்தது. திருப்பதியை நாலு பேர் பிடித்து வைத்திருந்தார்கள். போடியில் ஜீப் பட்டறை வைத்திருக்கும் கலீபுல்லாதான், வண்டி கட்டி இழுக்கிற கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். முத்துக்கண்ணன் அதற்கு முன்பே போய்விட்டான். அது தெரிந்தும் கலீபுல்லா மேலே வரவில்லை. தூக்குவதற்கு ஆள் வரும்வரை, அந்த மழையில், அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அடக்கத்துக்கு வந்த சூர்யகலாவின் சொந்தக்காரர் ஒருவர், ஞானஸ்நானம் எடுக்காமல் போய்விட்டானே, இனி அவன் போன இடத்தைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது என்று துக்க வீட்டிலேயே சொன்னார். அது திருப்பதியின் காதில் விழுந்து, உள்ளே போய், வெளியே வரவே இல்லை. அதோடு இன்னொரு பயமும் சேர்ந்தது. பாதாளத்தைக் கொண்டுபோய் அந்த வளைவில் நட்டது யார்? நான்தானே என்று கிடந்து தவித்தார். மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்து மலை ஏறிய முதல் நாள், எட்டாவது வளைவில் வாய் பழக்கத்தில் அந்த வரியைச் சொன்னது. பாதாளத்தில் இறங்கினார். அத்தனை வருஷமாகச் சொல்லிவிட்டு அன்றைக்குத்தான் அதை அவர் காதில் கேட்டார். பாதாளம் என்பதை அல்ல, இறங்கினார் என்பதை. தம்பி எங்கே போயிருந்தாலும் அவனுக்கு முன்னால் ஒருத்தர் அங்கே இறங்கியிருக்கிறார். இடுப்பில் கயிறு கட்டிய கலீபுல்லா மாதிரி. அவன் அங்கே தனியாக இல்லை.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வளைவில் மட்டும் குரல் ஒரு படி இறங்கும், இடது கை நெஞ்சுக்குப் போய்த் திரும்பும். பக்கத்தில் இருந்த சந்திரவல்லி பார்த்துக்கொண்டாள், கேட்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்கு முன்னால்தான் போன வருஷம் சபையில் ஒரு வேகத்தடை வந்தது.

எங்கள் சபைக்குச் சுஜிதா என்று ஒரு பெண் ஆயர், அதாவது போதகர், வந்தார். முன்பெல்லாம் ஆயரம்மா என்றால் ஆயருடைய மனைவி. இப்போது ஆயரே ஆயரம்மா. அவர் வீட்டுக்காரரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கமிட்டி மூன்று கூட்டம் போட்டும் முடிவுக்கு வரவில்லை, மனுஷன் 'சார்' என்றே காலம் தள்ளுகிறார். சுஜிதா அம்மா நல்லவர். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் பிரமாணத்தைப் பற்றிக் கேள்வி கேட்டபோது, முன்னால் இருந்தவர்கள் மாதிரி ஜெபம் பண்ணி வாயை அடைக்கவில்லை. நாம் எதை நம்புகிறோம் என்று இன்றைக்கு இருக்கிற பேச்சில் நீங்களே எழுதிப் பாருங்கள், பழையதைத் தூக்கி எறிவதற்கு இல்லை, புரிந்து சொல்வதற்கு என்றார்.

எழுதுவதற்கு முன்வந்து நின்றது திருப்பதியின் மகள் கார்த்திகா. காலேஜில் இயற்பியல் படிக்கிறாள். அப்பா சுவர் ஏறிக் குதித்த பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியவள். அவள் எழுதியது உண்மையிலேயே நன்றாக இருந்தது. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடிக்கிறவர்களுக்குள் சாதி கிடையாது என்று ஒரு வரி. காய் எடுக்கிற கையும் காய்க்கு விலை சொல்கிற கையும் கடவுள் முன்னால் ஒன்று என்று ஒரு வரி. மலையையும் ஓடையையும் கெடுப்பது பாவம் என்று ஒரு வரி. இதையெல்லாம் சேர்த்தவள், சில வரிகளை எடுத்தும் இருந்தாள்.

ஆயரம்மா அதைச் சபை வாட்சாப் குழுவில் போட்டு, அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம், எல்லாரும் கருத்துச் சொல்லலாம் என்றார். சபை இரண்டாகப் பிளந்தது. பெரிசுகள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். எங்கள் அப்பன் சாகும்போது சொன்ன பிரமாணத்தில் கைவைத்தால் நான் பக்கத்து ஊர்ச் சபைக்குப் போய்விடுவேன் என்று ஒருவர் எழுதினார். அவர் பத்து வருஷமாகக் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிறவர். ஜீப் ஸ்டாண்டில் திருப்பதியிடம், அண்ணே, உங்க மக எழுதினது போனில் வந்திருக்கு என்று காட்டினார்கள். அவருக்கு நெஞ்சு விம்மி, சட்டைப் பித்தான் தெறித்துப் பக்கத்து ஜீப் கண்ணாடி உடையப் பார்த்தது. வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன? கட்டைவிரல் படம் போடத் தெரியும். போட்டுவிட்டார். ஒன்றல்ல, ஒரு வரிசை.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது சூர்யகலா அதை வாசித்தாள். திருப்பதி கேட்டுக்கொண்டே மனசுக்குள் மலை ஏறினார். பழைய வரிகள் வருகிற இடமெல்லாம் வளைவு சரியாக வந்தது. சிலுவை வந்தது. அடக்கம் வந்தது. அடுத்து நேராக உயிர்த்தெழுதல் வந்துவிட்டது. சோற்றில் கை நின்றது.

"எட்டாவது எங்கத்தா?" என்றார் மகளிடம்.

"எதுப்பா எட்டாவது?"

"அதான். பாதாளத்துக்கு எறங்குறது."

"அதை எடுத்தாச்சுப்பா" என்றாள் கார்த்திகா சிரித்துக்கொண்டே. "பூமிக்கு அடியில அப்படி ஒரு எடமே இல்ல. பொட்டிபுரத்துல நியூட்ரினோ ஆராய்ச்சிக்கு மலையைக் குடையப் போறோம்னு சொன்னாங்கள்ல, அவங்ககூட உள்ள அம்புட்டும் பாறைன்னுதான் சொன்னாங்க. இல்லாத எடத்துக்கு எறங்கினாருன்னு எப்படிப்பா எந்திரிச்சு நின்னு சொல்றது? நெறைய தேசத்துச் சபையில அந்த வரியை விட்டுட்டுத்தான் சொல்றாங்களாம்."

திருப்பதி சரி என்பது போலத் தலையாட்டினார். வாய்வுத் தொல்லை என்று சொல்லித் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார்.

அந்த வாரம் அவர் பட்ட பாட்டைச் சொல்ல இந்தக் காகிதம் பத்தாது. இருபது கிலோ இளைத்தார். மொத்தமே நாற்பது கிலோதான் இருப்பார். எதிர்த்துப் பேசினால் மகள் எழுதியதைச் சபை நடுவில் அப்பனே கிழித்த மாதிரி ஆகும். பேசாமல் இருந்தால் தம்பிக்கு இருந்த ஒரே கயிறும் அறுந்துபோகும். கட்டைவிரலை வேறு தூக்கித் தொலைத்தாயிற்று. அதைத் திரும்ப எடுப்பது எப்படி என்று ஸ்டாண்டில் ஒருத்தனிடம் கேட்டார். அவன் தொட்டதில் கட்டைவிரல் போகாமல், கூடவே கைதட்டுகிற படமும் வந்துவிட்டது.

வண்டியில் ஒரு கோளாறும் இல்லாமல் கலீபுல்லாவின் பட்டறைக்குப் போய் நின்றார். கலீபுல்லா வண்டிக்கு அடியில் படுத்திருந்தார், கால் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் காலோடு திருப்பதி பேச ஆரம்பித்தார்.

"மாப்ளே, அன்னைக்குக் கீழ எறங்குனியே. பயமா இல்லையா?"

கால் பதில் சொன்னது. "பயம் இல்லாம? கைலியெல்லாம் நனைஞ்சு போச்சு. மழையில நனைஞ்சதுன்னு ஊருக்குள்ள சொல்லி வச்சிருக்கேன், காட்டிக் கொடுத்துறாத."

"அவன் போயிட்டான்னு தெரிஞ்ச பெறகும் ஏன் அங்கேயே இருந்த?"

"மேல நின்னு எட்டிப் பாத்தா அவனுக்கு என்ன பிரயோசனம்? கூட ஒரு ஆளு இருக்கணும்ல" என்றார். பிறகு வண்டிக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டி, இப்போது எதற்கு இதெல்லாம் என்று கேட்டார். திருப்பதி, சும்மாதான், கிளட்ச் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தார். நல்ல கிளட்சைக் கழற்றி மாட்டியதற்குக் கலீபுல்லா கூலி வாங்கவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மஞ்சு இறங்கியிருந்தது. முதல் வளைவில் பிதா வந்தார். பிலாத்து வந்தான். சிலுவை, அடக்கம். எட்டாவது வளைவின் போர்டு தெரிந்ததும் வாய் நின்றது. வாயோடு சேர்ந்து காலும் பிரேக்கை மிதித்துவிட்டது. ஜீப் வளைவின் நட்ட நடுவில் நின்றது.

கீழே ஒரு லாரி, அதற்குப் பின்னால் கேரளா பஸ்சு. மேலிருந்து ஏலக்காய் லோடு ஒன்று. மூன்றும் சேர்ந்து ஹாரன் அடித்தன. ஸ்டியரிங்கைப் பிடித்த கை கல்லாகிவிட்டது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை.

"அப்பு, எட்டு வந்திருச்சு" என்றாள் சந்திரவல்லி.

"தெரியும்க்கா."

"பெறகு சொல்லு."

"அது இல்லையாம்க்கா. எம் மக படிச்சுப் பாத்துச் சொல்லிருச்சு. அப்படி ஒரு எடமே இல்லையாம். இல்லாததை எப்படிச் சொல்ல?"

சந்திரவல்லி ஜீப்புக்கு வெளியே, பள்ளத்துப் பக்கம் பார்த்தாள். "அப்ப முத்துக்கண்ணன் எங்க இருக்கான்?" என்றாள்.

இவளுக்கு எப்படித் தெரியும் என்று திருப்பதி அவளைத் திரும்பிப் பார்த்தார். சந்திரவல்லி பின்னால் திரும்பி, வெரசா சொல்லுங்கடி, லாரிக்காரன் ஏறி வந்து அடிக்கப்போறான் என்றாள். பின்னால் இருந்த அத்தனை பேரும், முதல் நாள் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் மாதிரி, ஒரே குரலில் "பாதாளத்தில் இறங்கினார்" என்றார்கள். அவர் கை இளகியது. கியர் விழுந்தது. ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கி ஒன்பதாவது வளைவைப் பார்த்து நகர்ந்தது. போடிமெட்டு வரைக்கும் பாக்கியைப் பெண்களே சொல்லி முடித்தார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கும்போது சந்திரவல்லி, "பெத்த பிள்ளைகிட்ட சொல்ல என்ன பயம்? நாளைக்குச் சொல்லிரு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தாள். மறுபடி மஞ்சில் நின்றுபோவோமோ என்ற பயத்தில் அவளுக்கும் உயிர் பாதிதான் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கறிக்கடைக்கு அன்றைக்கு நஷ்டம். ஆயரம்மா பிள்ளைகளின் புதிய விசுவாச அறிக்கையை முழுதாக வாசித்தார். பெரிசுகள் எழுந்து ஒன்றையும் தொடக்கூடாது என்றார்கள். பிள்ளைகள் எழுந்து புரியாததைச் சொல்வது பொய் சொல்வது மாதிரிதானே என்று கேட்டார்கள். அதற்குப் பெரிசுகளிடம் கோபம்தான் இருந்தது. ஒருவர் சந்தடி சாக்கில், கோயிலுக்கு மின்விசிறி வாங்குவதையும் அறிக்கையில் சேர்க்கச் சொன்னார். இன்னொருத்தர் தூங்கிவிட்டார். அடுத்து கைதூக்கித் தீர்மானிக்கலாமா என்று செயலாளர் கேட்டபோது, திருப்பதி எழுந்து நின்றார்.

மூணாறு யானையைத் திரும்ப வைக்கும் குரல், முதல் பெஞ்சுவரைக்கும் எட்டவில்லை. ஒரு வரியைப் பற்றிச் சொல்லணும் என்றார். எந்த வரி என்று செயலாளர் கேட்டார். திருப்பதி விழித்தார். செயலாளர் போனைப் பார்த்து, நீங்கதான் கட்டைவிரலும் தூக்கி, கையும் தட்டியிருக்கீங்களே என்றதும் கோயில் பூராவும் சிரிப்பு. பெண்கள் பக்கத்தில் கார்த்திகா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆயரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எந்த எடம்னு சொல்லுங்கண்ணே, நான் எடுத்துத் தர்றேன்" என்றார்.

"நடுவுல இருந்து வராதும்மா. முந்தல்ல இருந்துதான் வரணும்."

"அப்ப அங்கேயிருந்தே வாங்க."

திருப்பதி கண்ணை மூடினார். கை இரண்டையும் முன்னால் நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தார். பழைய பிரமாணத்தை முதல் வளைவிலிருந்து ஆரம்பித்தார். கை இடது பக்கம் ஒடிந்தது, வலது பக்கம் ஒடிந்தது, கால் கீழே கிளட்சைத் தேடியது. வாலிபர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை ஹாரன் சத்தம் போட்டது. பிலாத்து வரும்போது குரல் திரும்பி வந்திருந்தது. சிலுவை வரும்போது சிரிப்பு நின்றிருந்தது, ஏனென்றால் அவர் முகம் சிரிக்கிற முகமாக இல்லை. ஏழைத் தாண்டினார். எட்டுக்கு வந்தார். அந்த வரியைச் சொன்னார். சொல்லிவிட்டுப் பிரேக்கை மிதித்து நின்றுவிட்டார். நீட்டிய கை அப்படியே நின்றது.

அந்த ரோட்டில் போகாதவர்கள் எங்கள் சபையில் யாரும் இல்லை. எட்டாவது வளைவில் என்ன நடந்தது என்று தெரியாதவர்களும் இல்லை.

"இதுலதாம்மா என் தம்பி இருக்கான்" என்றார் கண்ணைத் திறக்காமல். "ஞானஸ்நானம் எடுக்காம போனவன். அவன் எங்க இருக்கான்னு இத்தன வருசமா எனக்கு ஆரும் சொல்லல. இந்த ஒரு வரிதான் சொல்லுச்சு."

பிறகு கண்ணைத் திறந்து பெண்கள் பக்கம் பார்த்தார்.

"நீ எழுதினது தப்புன்னு சொல்லல ஆத்தா. நல்லாத்தான் எழுதியிருக்க. அடியில பாறைதான் இருக்குன்னா இருந்துட்டுப் போகட்டும். அவனை மட்டும் அங்க ஒத்தையில விட்டுறாதீங்க."

உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த வேகத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. மகளை அவமானப்படுத்திவிட்டோம், கெடுத்துவிட்டோம் என்று அவர் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

ஆயரம்மா கையில் இருந்த அறிக்கையை மடித்தார். பிறகு, பிள்ளைகள் அந்த வரியைப் பற்றிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் எடுத்துவிடுவது சுலபமாக இருந்தது, அதில் யார் நிற்கிறார்கள் என்று சபையைக் கேட்கத் தோன்றவில்லை என்றார்.

கார்த்திகா எழுந்து ஆண்கள் பக்கத்துக்கே வந்துவிட்டாள். சித்தப்பா போகும்போது அவள் சின்னப் பிள்ளை. தோளில் தூக்கிச் சந்தைக்குப் போனது மட்டும்தான் நினைவு. அப்பாவின் பக்கத்தில் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத மாதிரி கேட்டாள். ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

"அன்னைக்குக் கீழ எறங்கினது யாருப்பா?"

"கலீபுல்லா மாமா."

"எதுக்கு எறங்கினாராம்?"

"மேல நின்னு எட்டிப் பாத்தா அவனுக்கு என்ன பிரயோசனம்னான்."

அவள் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். தான் எழுதியதை எடுத்து, ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஏதோ எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். செயலாளர் அதை வாங்கி, இலக்கணமாக இருக்கட்டும் என்று 'வீழ்ந்தோர் கிடக்கும் ஆழ்நிலை நாடி' என்று திருத்தினார். அதைச் சொல்லிப் பார்த்த பெரிசு ஒருவருக்குப் பல்செட் கழன்று கைக்கு வந்தது. கடைசியில் கார்த்திகா எழுதியதே நின்றது: விழுந்தவர்களை மேலே நின்று எட்டிப் பார்க்காமல், அவர்கள் கிடக்கும் இடம்வரை இறங்கினார்.

அதனால் எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பக்கத்து ஊர்ச் சபைக்குப் போவேன் என்றவர் இன்னமும் அதையே சொல்கிறார், போகத்தான் இல்லை. பிள்ளைகளிலும் இரண்டு பேருக்கு அந்த வரியில் திருப்தி இல்லை, பாதாளமே இல்லையென்றால் இடம்வரை என்பது எந்த இடம் என்று கேட்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு புதியது, மற்ற ஞாயிறு பழையது, வருஷக் கடைசியில் மறுபடி கூடிப் பேசுவோம் என்று ஆயரம்மா முடித்து வைத்தார். திருப்பதிக்கு அன்றைக்கே வருஷக் கடைசிக்கான கவலை ஆரம்பித்துவிட்டது.

விஷயம் பட்டறைக்குப் போனது. தான் சொன்னது கோயில் பிரமாணத்தில் ஏறிவிட்டது என்று கேட்ட கலீபுல்லா கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே போட்டார். "மாப்ளே, எம் பேரைப் போட்டுறலையே?" என்றார். இல்லை என்றதும் மூச்சு விட்டார். விட்ட மூச்சில் டயருக்கே காற்று ஏறியிருக்கும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் ஒரே போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலேஜ் லீவு. கார்த்திகா ஜீப்பில் வருகிறேன் என்றாள். எதற்கு, மழை வருமே, மஞ்சு இருக்குமே என்று திருப்பதி முப்பது காரணம் சொல்லியும் கேட்காமல் பின்னால் பெண்களுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தாள். புதிய அறிக்கையை ஓட்டிப் பார்க்கலாம் என்று முந்தலில் ஆரம்பித்தார்கள். மகள் ஒரு வரி சொல்ல, அப்பா சொல்ல, பெண்கள் சொன்னார்கள். காய் எடுக்கிற கை வரி வந்தபோது பின்னால் ஒரே சிரிப்பு, நம்மளையும் சாமி புத்தகத்தில் போட்டுட்டாங்கடி என்று. ஆனால் புதியது நீளம். இந்த வேகத்தில் போனால் வளைவு முடிந்துவிடும், பாக்கியை மேலே செக்போஸ்ட்டில் கேரளாப் போலீஸுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று திருப்பதி புலம்பிக்கொண்டே ஏறினார்.

எட்டாவது போர்டு தெரிந்தது. வண்டி வேகம் குறைந்தது. திருப்பதி முதலில் பழைய வரியைச் சொன்னார். கை நெஞ்சுக்குப் போய்த் திரும்பியது. அப்புறம் கார்த்திகா எழுதியதைச் சொன்னார். ஒரு வளைவுக்கு இரண்டு வரி என்பதால் முதல் கியரில் ஊர்ந்துதான் திரும்ப வேண்டியிருந்தது. பின்னால் வந்த கேரளா பஸ்சு ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. கார்த்திகா பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்துப் பக்கம் எட்டிப் பார்க்கப் போனவள், பார்க்காமல் உட்கார்ந்து, அந்த வரியை இன்னொரு தடவை தனக்குள்ளேயே சொன்னாள்.

"ரெண்டும் சொன்னா நேரமாகும்லக்கா. மழையில இவ்வளவு மெதுவா திரும்பினா பின்னாடி வர்றவன் இடிச்சுருவானே" என்றார் திருப்பதி.

"இடிக்க மாட்டான். நீ ரெண்டையும் சொல்லு, அப்பு" என்றாள் சந்திரவல்லி.

அவர் ரெண்டாவது கியர் போட்டார். ஒன்பதாவது வளைவில் ஒரு மண்சரிவு போர்டு புதிதாக நட்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே, உயிர்த்தெழுந்தார் என்று சொன்னார்.